உயரும் அணையும் ஒப்புக்கொண்ட எல்லையும்

மனிதன் ஒன்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் எஞ்சிநிற்பது ஒன்றுண்டு. அடுப்பெரித்தால் சாம்பலும், கல்லுடைத்தால் சிதறலும், நெல்லைக் குற்றினால் உமியும் எஞ்சுகின்றன. பயனை யார் நுகர்வது என்பது பற்றி அரசியலும் பொருளியலும் மிகுதியாகப் பேசியுள்ளன. எச்சத்தை யார் தாங்குவது என்ற வினாவோ அத்துணை கவனத்தைப் பெற்றதில்லை. அவ்வினா தெளிவாக எழும் இடங்களுள் ஒன்று, துறைமுகங்களின் அடியிலிருந்து வாரியெடுக்கப்படும் சேற்றைக் கொட்டிவைக்கும் இடமாகும். அவ்விடம் நிறைந்துவிட்டால் இரு வழிகள் உடனே கண்முன் தோன்றும். புதிய இடமொன்றைத் தேடலாம். அல்லது இருக்கும் இடத்தைச் சூழ்ந்துள்ள அணையை இன்னும் சில அடி உயர்த்தலாம். பின்னையது பொறியியலாளரின் கணக்குக்கு மட்டுமே உரிய காரியம் போலத் தோன்றும். எனினும், அந்தச் சில அடிகளுக்குள் வாக்குறுதி, நீதி, வருந்தலைமுறைக்கான பொறுப்பு ஆகிய மூன்று ஒழுக்கவியற் பிரச்சினைகள் அடங்கியுள்ளன. அவற்றை ஓர் உண்மை வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்தில், செசப்பீக் விரிகுடாவோடு கலக்கும் பற்றப்ஸ்கோ ஆற்றின் முகத்தில் பால்ரிமோர் துறைமுகம் அமைந்துள்ளது. ஆற்றுமுகத்துத் துறைமுகம் எதுவும் ஒருமுறை ஆழமாக்கப்பட்டதோடு ஆழமாகவே இருந்துவிடுவதில்லை. மேட்டு நிலங்களில் அரிக்கப்படும் மண்ணை ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவ்வுண்மையை அப்பகுதியின் பழைய வரலாறே உணர்த்துகின்றது. பால்ரிமோர் தலைமையிடம் ஆவதற்கு முன்னர், கன்பவுடர் ஆற்றங்கரையிலிருந்த யொப்பா என்னும் துறைமுகப் பட்டினமே அம்மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. புகையிலைப் பயிருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டமையால் அரிப்புண்ட மண் அதன் துறையைத் தூர்த்துவிட்டது. 1768இல் தலைமையிடம் பால்ரிமோருக்கு மாற்றப்பட்டது. ஒரு நகரின் வீழ்ச்சியால் எழுந்த மற்றொரு நகரும் அதே சேற்றோடு போராட வேண்டியதாயிற்று. 1990 அளவில் அதன் கப்பற் பாதை 50 அடி ஆழமாக்கப்பட்டது. அவ்வாழத்தைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் பல மில்லியன் கனயார் சேறு வாரியெடுக்கப்பட வேண்டியுள்ளது. அச்சேற்றில் மண் மட்டும் இல்லை. தொழிற்சாலைகள் சூழ்ந்த துறையின் அடிச் சேற்றில் உலோகக் கழிவுகளும் எண்ணெய்க் கழிவுகளும் கலந்துள்ளன. எனவே துறைமுகத்தின் உட்பகுதியில் வாரப்படும் சேற்றை அணைக்குள்ளேயே அடைத்துவைத்தல் வேண்டும் என்று மேரிலாந்துச் சட்டம் விதிக்கின்றது.

அடைத்துவைக்கும் முறை பார்வைக்கு எளியது. ஒரு பரப்பைச் சுற்றி மண்ணணை எழுப்பப்படும். நீரோடு கலந்த சேறு குழாய்வழியே உள்ளே பாய்ச்சப்படும். சேறு அடியிற் படிய, தெளிந்த நீர் மதகுவழியே வெளியேற்றப்படும். பின்னர் மேற்பரப்பில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டு எஞ்சிய ஈரமும் வடிக்கப்படும். சேறு உலர்ந்து, வெடித்து, இறுகிச் சுருங்கும்போது மேலும் சிறிது இடங் கிடைக்கும். ஆயினும் வருவது நிற்பதில்லையாதலால் ஒருநாள் இடம் நிறைந்தே தீரும். அப்போது, உலர்ந்த மண்ணையோ வேறிடத்து மண்ணையோ கொண்டு அணை உயர்த்தப்படுகின்றது. உயர்த்தப்படும் பகுதி பெரும்பாலும் பழைய அணைக்குச் சற்று உட்புறமாக, முன்னர் படிந்த மென்சேற்றின்மீது அமைவதால், ஒவ்வோர் உயர்வும் உட்பரப்பைக் குறைத்து அடித்தளத்தின் சுமையைக் கூட்டுகின்றது. எனவே அணையின் உயரத்துக்கு இயற்கையே ஓர் எல்லையை வகுத்துள்ளது. அவ்வெல்லைக்குக் கீழே மனிதர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் எல்லை வேறொன்றுண்டு. ஈண்டு ஆராயப்படுவது அதுவேயாகும்.

செசப்பீக் விரிகுடாவில் ஹாட், மில்லர் என இரு சிறு தீவுகள் இருந்தன. அலைகளால் அரிக்கப்பட்டு எஞ்சிநின்ற இவற்றை ஓரணையால் இணைத்து, ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்பைச் சேற்றுக்கு ஒதுக்க மாநில அரசு திட்டமிட்டது. அயலிலே வாழ்ந்தோர் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். அவ்வழக்கில் ஒரு சொல்லின் பொருளே பெரும் பிரச்சினையாயிற்று. கப்பலோடும் நீர்நிலையில் அணை கட்டுவதாயின் காங்கிரசின் இசைவு வேண்டும் என்று 1899ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. சேற்றைச் சூழும் கட்டும் அச்சட்டம் கூறும் அணைதானா? ஆம் என்று கீழ்நிலை நீதிமன்றம் 1978இல் கருதியது. நீர்ப்பாதையைக் குறுக்கே மறிப்பதையே அச்சொல் குறிக்கும் என்று கூறி, மேன்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் அத்தீர்ப்பை மாற்றியது. இதன்பின் 1981இல் கட்டட வேலை தொடங்கிற்று. முதலில் அமைந்த அணையின் உயரம் 18 அடி. 1988இல் அது 28 அடியாக உயர்த்தப்பட்டது. 1990இல் தென்கூறு நிறைந்தது. 1990களின் நடுப்பகுதிக்குப் பின்னர் ஏறத்தாழ 800 ஏக்கர் கொண்ட வடகூற்றின் அணை 44 அடியாக உயர்த்தப்பட்டது. இவ்வாறு பதினைந்து ஆண்டுகளுக்குள் 18 என்னும் எண் 44 ஆயிற்று. இவ்வுயர்வு அறத்துக்கு ஒத்ததா என்பதே வினா.

ஒத்ததே என்பார்க்கு வலுவான நியாயங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் பெந்தாம், மில் ஆகியோர் வழிவந்த பயன்பாட்டுவாதத்தின்பாற்பட்டவை. புதிய இடமொன்றைத் தெரிந்தெடுத்தால் விரிகுடாவின் அடித்தளத்தில் இன்னொரு பகுதி மறைந்துபோகும். அங்கு வாழும் மீனும் சிப்பியும் அழியும். இதுவரை சுமையறியாத மற்றோர் ஊர் சுமைக்கு உள்ளாகும். சேற்றைத் திறந்த நீரிற் கொட்டுவதாயின் கேடு இன்னும் பரவலாகும். கென்ற் தீவுக்கு அருகே திறந்த நீரில் 18 மில்லியன் கனயார் சேற்றைக் கொட்டும் திட்டமொன்று பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகி 2000இல் கைவிடப்பட்டது. தூர்வாரலையே நிறுத்தினால் துறைமுகத் தொழிலாளரின் பிழைப்புக் கெடும். அவ்வாறாயின், ஏற்கெனவே சேறு நிறைந்த இடத்தில் மேலும் சில அடி உயர்த்துவதே மிகக் குறைந்த தீங்கு அன்றோ? புதிய நிலமும் புதிய நீரும் கெடுவதில்லை. புதிதாகத் துன்புறுவார் எவருமிலர்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இதில் கூறப்படும் கேடுகள் யாவும் உண்மையானவை. எனினும் இதன் முடிவுரையை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'புதிதாகத் துன்புறுவார் எவருமிலர்' என்பதன் பொருள், முன்னர் துன்புற்றவரே மீண்டும் துன்புறுவர் என்பதாகும். ஓரிடம் ஒருமுறை சுமை தாங்கியதே, அடுத்த முறையும் அதனையே தெரிவதற்குக் காரணமாகின்றது. அடுத்த முறை தாங்கியது அதற்கடுத்த முறைக்குக் காரணமாகும். இக்கணக்கில் தாங்கியவனின் பொறுமை அவனுக்கு எதிரான சான்றாகவே மாறிவிடுகின்றது. மேலும், ஒவ்வோர் உயர்வும் தனித்தனியே பார்க்கும்போது சிறிதாகவே தோன்றும். 18 அடியைக் கண்டு பழகியவருக்கு 28 அடி பெரிதாகத் தோன்றாது. 28 அடியைக் கண்டவருக்கு 44 அடியும் அவ்வாறே. ஒரு மணியைச் சேர்ப்பதால் நெல் குவியலாகிவிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே குவியலை எழுப்பிவிடலாம் என்று பழங் கிரேக்கத் தருக்கநூலார் காட்டிய புதிரை இது நினைவூட்டுகின்றது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே நியாயப்படுத்தும் முறை, முழு ஏணியையும் எவரும் நியாயப்படுத்த வேண்டாத நிலையை உண்டாக்குகின்றது. வெர்ஜினியா மாநிலத்தின் நோர்பொக் துறைமுகத்துக்காக 1950களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட கிரேனித் தீவுச் சேற்றிடம் இதற்கு எடுத்துக்காட்டாகும். 2,500 ஏக்கர் கொண்ட அவ்விடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் போதுமென்றே வகுக்கப்பட்டது. ஆனால் அணையை உயர்த்தியும் சேற்றை இறுக்கியும் அதன் வாழ்நாள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீட்டப்பட்டுள்ளது. பொறியியல் வகையில் இது சாதனையே. ஆயினும் தொடக்கத்தில் கூறப்பட்ட இருபது ஆண்டுகள் என்னும் சொல்லுக்கு யார் பொறுப்பு என்ற வினா விடையின்றி நிற்கின்றது.

இங்கு ஒரு தடை எழலாம். 18 அடி என்பது ஒரு வடிவமைப்பு அளவே. யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. கொடுக்காத வாக்கை மீறியதாக எங்ஙனம் கூறலாம் என்பது அத்தடை. இது சிந்தனைக்குரியது. வாக்குறுதி என்பது யாது? பொய்யாக வாக்களிப்பவன் தன் கொள்கையைப் பொது விதியாக விரும்ப முடியாது என்றும், அவன் பிறனை வெறுங் கருவியாகவே கொள்கின்றான் என்றும் 1785இல் வெளிவந்த தம் நூலில் கான்ற் காட்டினார். வாக்குறுதியின் கடப்பாடு இயற்கையில் அமைந்ததன்று, மனிதர் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதற்காக ஏற்படுத்திக்கொண்ட வழக்கமே அது என்பது அவருக்கு முற்பட்ட ஹியூமின் கருத்தாகும். இவ்விருவரும் வேறு வழிகளிற் சென்றாலும், 'வாக்களிக்கின்றேன்' என்ற சொல் உச்சரிக்கப்பட்டதா என்பதை மட்டும் கொண்டு இத்தடைக்கு விடைகாண இருவர் கருத்தும் இடந்தராது. தன் பேச்சை நம்பிப் பிறர் தம் வாழ்வை அமைத்துக்கொள்வர் என்பதை அறிந்தே ஒருவன் அதனைப் பேசினானா என்பதே நோக்கற்பாலது. ஓர் அரசு மக்கள்முன் வரைபடத்தை விரித்து, 'இவ்வளவு பரப்பு, இவ்வளவு உயரம்' என்று கூறும்போது, அதைக் கேட்பவன் அதை ஓர் எல்லையாகவே ஏற்கின்றான். வீட்டை விற்பதா வைத்திருப்பதா, பிள்ளைகளை அங்கேயே வளர்ப்பதா என்பவற்றை அவன் அவ்வெண்ணைக் கொண்டே முடிவுசெய்கின்றான். எதிர்ப்பைத் தணிப்பதற்குப் பயன்பட்ட ஓர் எண்ணை, எதிர்ப்புத் தணிந்த பின்னர், அது வெறும் வடிவமைப்பு அளவுதான் என்று கூறுவது நேர்மையாகாது.

அவ்வாறாயின் எல்லை ஒருபோதும் மாறலாகாதா? அதுவும் மிகையான கூற்றாகும். நிலைமைகள் மாறுகின்றன. இன்றைய அறிவு நாளை திருத்தப்படுகின்றது. மாறாத எல்லை சிலவேளை பெருங் கேட்டுக்கும் வழிகோலும். வாக்குறுதியின் இயல்பிலேயே இதற்கு ஒரு வாயில் உள்ளது. வாக்களித்தவன் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது. வாக்கைப் பெற்றவனோ அவனை விடுவிக்கலாம். எனவே அணையின் உயரத்தை மாற்றும் உரிமை, சேற்றை வாருபவனிடத்தில் மட்டும் இருத்தல் கூடாது. அதை நாள்தோறும் காண்பவனிடத்திலும் அது இருத்தல் வேண்டும். மேரிலாந்தில் 44 அடிக்கு உயர்த்தியபோது நிகழ்ந்தது இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வுயர்வோடு ஓர் இறுதி நாளும் பிணைக்கப்பட்டது. 44 அடிக்கு மேல் அணை எழலாகாது. 2009 டிசெம்பர் 31க்குப் பின் அங்கு சேறு கொட்டலாகாது என்று சட்டம் வரையறுத்தது. அந்நாள் வந்தபோது சேறு கொட்டுதல் நிறுத்தப்பட்டது.

உயரத்தை வரையறுப்பதற்கும் நாளை வரையறுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஆழமானது. உயரம் சேற்றைப் பற்றிய எல்லை. சேறு வந்துகொண்டிருக்கும்வரை அதை நீட்டுமாறு கேட்கும் குரலும் எழுந்துகொண்டேயிருக்கும். நாளோ மனித வாழ்வைப் பற்றிய எல்லை. இந்தச் சுமை எப்போது இறங்கும் என்பதை அது அயலவனுக்குச் சொல்கின்றது. எப்போதைக்குள் வேறுவழி காணவேண்டும் என்பதைத் துறைமுகத்துக்கும் சொல்கின்றது. முடிவு தெரிந்த சுமையைத் தாங்குபவன் ஓர் உடன்படிக்கையின் பங்காளி ஆகின்றான். முடிவு தெரியாத சுமையைத் தாங்குபவனோ வெறும் இடமாகவே கணிக்கப்படுகின்றான். ஆகவே 44 அடி என்பது 28 அடியினும் உயர்ந்ததாயிருந்தும், நாள் குறிக்கப்பட்ட அந்த 44 அடி, நாள் குறிக்கப்படாத எந்த உயரத்திலும் அறத்துக்கு அண்மையானது எனலாம்.

இத்துடன் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கொள்ளுதல் தவறாகும். ஓரிடத்தில் இறக்கிய சுமை மறைந்துவிடவில்லை. பற்றப்ஸ்கோ ஆற்றோரத்திலுள்ள கொக்ஸ் கிறீக், மேசன்வில் ஆகிய இடங்களின்மீது அது இறங்கியது. கொக்ஸ் கிறீக்கின் அணையை 36 அடியிலிருந்து 60 அடிக்கும் அதன்பின் 80 அடிக்கும் உயர்த்துவதென்று திட்டமிடப்பட்டது. ஓர் ஊருக்குக் காப்பாற்றப்பட்ட வாக்கு இன்னோர் ஊரின் அணையாக உயர்கின்றதாயின், அதனை நீதி என்று கூறத் தயங்கவேண்டியுள்ளது. தன் நிலை யாதென அறியாதவனாய் ஒருவன் சமூகத்தின் விதிகளைத் தெரிந்தெடுப்பானாயின் எவற்றைத் தெரிவான் என்று 1971இல் றோல்ஸ் எழுப்பிய வினாவை இங்கு பொருத்திப் பார்க்கலாம். தான் கப்பல் உரிமையாளனா, துறைமுகத் தொழிலாளியா, அணையின் அயலவனா என்பதை அறியாதவன் துறைமுகத்தையே மூடச் சொல்லமாட்டான். சுமை ஒரே முதுகில் ஏறிக்கொண்டேயிருப்பதற்கும் அவன் இணங்கமாட்டான். தூர்வாரலின் பயனை நுகரும் அனைவரும் அதன் எச்சத்திலும் ஏதோ ஒரு வகையிற் பங்குகொள்ள வேண்டும் என்பதையே அவன் கேட்பான்.

பங்குகொள்ள வேண்டியவர் துறைமுகத்தைச் சார்ந்தோர் மட்டுமல்லர். செசப்பீக் விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் ஏறத்தாழ அரைவாசியை சஸ்குவெஹானா ஆறு கொண்டுவருகின்றது. அந்நீரோடு நியூயோர்க், பென்சில்வேனியா மாநிலங்களின் வயல்மண்ணும் வருகின்றது. 1928இல் கட்டிமுடிக்கப்பட்ட கொனோவிங்கோ அணை பல பத்தாண்டுகளாக அம்மண்ணின் பெரும்பகுதியைத் தன்பின்னே தேக்கிவைத்தது. இன்று அந்நீர்த்தேக்கமும் வண்டலால் ஏறத்தாழ நிறைந்துவிட்டது. மண்ணை அரிக்கவிட்ட உழவன் விரிகுடாவின் அணையைக் காண்பதில்லை. அணையைக் காண்பவன் அவ்வயலைக் கண்டதில்லை. காரணமும் காரியமும் இவ்வாறு நூற்றுக்கணக்கான மைல்களால் பிரிந்துநிற்கும்போது, அணையை உயர்த்துதல் காரணத்தை மறப்பதற்கு ஓர் எளிய உபாயமாகிவிடுகின்றது.

காலத்தாலும் இத்தகைய பிரிவு நேர்கின்றது. நீருக்கடியிற் கிடந்த சேற்றில் கந்தகச் சேர்வைகள் உள்ளன. அது உலர்ந்து காற்றுப்பட்டால் அமிலம் உண்டாகும். அமிலத்தில் உலோகங்கள் கரைந்து வெளியேறக்கூடும். எனவே சேறு கொட்டுதல் நின்ற நாளோடு கடமை முடிவதில்லை. வடியும் நீரைச் சோதிப்பதும் அணையைப் பேணுவதும் அதை எழுப்பியவர்க்குப் பின்வருவோரின் கடமைகளாகின்றன. மனித ஆற்றலின் விளைவுகள் எட்டும் தூரம்வரை மனிதப் பொறுப்பும் எட்டவேண்டும் என்ற கருத்தை ஹான்ஸ் ஜோனாஸ் 1979இல் விரிவாக முன்வைத்தார். வாக்கைப் பெற்றவன் விடுவிக்கலாம் என்று மேலே கூறப்பட்டது. இன்னும் பிறவாதவனோ விடுவிக்க இயலாதவன். ஆகவே அவன்மீது ஏற்றப்படும் சுமைக்கு இன்றைய இணக்கம் போதிய சான்றாகாது. அவனுக்குச் சுமையோடு ஏதேனும் பயனும் விட்டுச்செல்லப்படுதல் வேண்டும்.

அது இயலாததன்று. திறந்த நீரிற் கொட்டுதலைப் படிப்படியாக நிறுத்தவும், சேற்றைப் பயனுள்ளதாக்க முன்னுரிமை வழங்கவும் 2001இல் மேரிலாந்து சட்டமியற்றியது. அதற்கு முன்னரே, 1998இல், பொப்லர் தீவின் மீளமைப்புத் தொடங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்டிருந்த அத்தீவு, அரிப்பினால் சில ஏக்கர்களாகத் தேய்ந்துவிட்டிருந்தது. விரிகுடாவின் கப்பற் பாதைகளில் வாரப்பட்ட தூய சேற்றைக்கொண்டு அது மீண்டும் தீவாக்கப்பட்டுச் சதுப்பும் மேட்டுநிலமும் அமைக்கப்பட்டன. ஹாட்-மில்லர் தீவின் தென்கூறும் பறவைகளுக்குரிய வாழிடமாக்கப்பட்டு 2016இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சேறு எல்லாம் இவ்வாறு பயன்படக்கூடியதன்று. நஞ்சு கலந்ததை அடைத்தே வைக்கவேண்டும். எனினும், அடைக்கவேண்டியதன் அளவைக் குறைப்பதற்கு வழியுண்டு என்பதை இவை உணர்த்துகின்றன.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். அணையை உயர்த்துதல் தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. அது காலத்தை விலைகொடுத்து வாங்கும் செயல். அவ்விலையைக் கொடுப்பவர் அணையின் நிழலில் வாழ்வோராயிருக்க, வாங்கிய காலத்தைச் செலவிடுபவர் வேறொருவராயிருக்கின்றனர். எனவே உயர்த்த முற்படும் எவரும் மூன்று வினாக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவராவர். முன்னைய எல்லையை நம்பியவர்கள் கேட்கப்பட்டார்களா? இதற்கு முடிவுநாள் ஒன்று உண்டா? அந்நாளுக்குள் சேற்றின் வரவைக் குறைக்கவோ அதைப் பயனாக்கவோ என்ன செய்யப்படுகின்றது? மூன்றுக்கும் விடையிருந்தால் அணை உயர்வது பொறுக்கத்தக்கது. இல்லையேல், எத்துணை உறுதியாகக் கட்டப்பட்டாலும், அது நேற்றைய சொல்லைப் புதைத்த மண்மேடாகவே நிற்கும். யொப்பாவின் துறையைத் தூர்த்த மண் எவருடைய இசைவையும் கேட்டு வரவில்லை. இன்று அம்மண்ணை எங்கே வைப்பதென்று தீர்மானிப்போர் மனிதராதலின், அவர் கேட்டே ஆகவேண்டும்.